அடிக்கடி "நான் குண்டா?" என்று கேட்கும் மகள்

கேள்வி

என் மகளுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு. மகனுக்கு 4 வயது. என் கணவர் கடந்த தை மாதம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். அதுவரை திருப்பூரில் வாடகை வீட்டில் இருந்தோம். மே மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டு, கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம்; மகளை இங்கே புதிய பள்ளியில் சேர்த்தேன். சில மாதங்களாக "நான் குண்டாக இருக்கிறேனா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஞாயிறு இரவுகளில் தூங்கவிடாமல் கேட்கிறாள். தீபாவளிக்கு எடுத்த பட்டுப் பாவாடையை ஒரு முறைகூட உடுத்தவில்லை. வெயிலடிக்கும்போதும் ஸ்வெட்டரைக் கழற்ற மறுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வீடியோவில் அழைத்தால், போனைக் கூரையைப் பார்த்தபடி வைத்துவிட்டுக் குரல் மட்டும் கொடுக்கிறாள்.

டாக்டரிடம் காட்டினேன். உயரம் 137 செ.மீ., எடை 31 கிலோ, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். என் அம்மா அவளைச் செல்லமாகக் "குண்டுப் பூசணி" என்று கூப்பிடுவார். என் தங்கை வந்தால், "தம்பி நம் பக்கம், சிவப்பு, இவள் அப்படியே அவள் அப்பா, அதே கறுப்பு" என்பாள். விளையாட்டாகத்தான். மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்த அன்றும் இதே கேள்வி, அழுகை. "நீ அழகுதான் கண்ணு" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்; திருப்தி இல்லை. மகன் பிறந்த பிறகு ஏறிய எடையைக் குறைக்க நான் இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறேன். அதைப் பார்த்து அவளும் ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறாள். கண்ணாடியை எடுத்துவிடலாமா? போனைக் கொடுக்காமல் இருந்தால் சரியாகுமா? சிலம்பம் வகுப்பில் சேர்த்தால் உடம்பு இளைக்கும் என்கிறார்கள், சேர்க்கலாமா?

– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கண்ணாடி, போன், சிலம்பம் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் விடையின் பெரும்பகுதியை நீங்களே கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் மகள் எல்லா நாளும் ஒரே மாதிரி கேட்பதில்லை. அப்பா பேசிவிட்டு வைத்த இரவில் கேட்கிறாள்; மதிப்பெண் குறைந்த அன்று கேட்கிறாள். ஞாயிறு மாலைக்கும் இரவுக்கும் நடுவில் எந்தக் குழந்தைக்கும் எடை கூடிவிடாது. அந்த நேரத்தில் அவளுக்குள் கூடுவது என்ன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

உடம்புக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 137 செ.மீ. உயரத்துக்கு 31 கிலோ என்றால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) ஏறத்தாழ 16.5. பெரியவர்களுக்கு இது மிகக் குறைவு. குழந்தைகளுக்குக் கணக்கே வேறு. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 5 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்காக 2015-இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில், வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்துப் புள்ளி வைத்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் மகள் இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறாள். இதை அவளிடம் ஒரு முறை, டாக்டர் சொன்னார் என்று நிதானமாகச் சொல்லிவிடுங்கள். திரும்பத் திரும்பச் சொல்வதால் ஏன் பயனில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவளிடம் யாரும் இதுவரை சொல்லாத வேறொரு செய்தி இருக்கும் என்று நினைக்கிறேன். பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றம் பொதுவாக 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் தொடங்குகிறது. மார்பு அரும்புவதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம். மாதவிடாய் வருவது அதற்கு இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் உயரம் வேகமாகக் கூடும், இடுப்பிலும் தொடையிலும் வயிற்றிலும் சதை சேரும். இது உடம்பு செய்துகொள்ளும் ஆயத்தம். வகுப்பில் மற்ற பெண்களுக்கு முன்பாகவே இது தொடங்கிய குழந்தைகள் தம் உடம்பைப் பற்றிக் கூடுதலாகக் கூச்சப்படுவதையும், அதிருப்தி கொள்வதையும் பல நாடுகளில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவளிடம் இருப்பதோ "குண்டு" என்ற ஒரே சொல். மாறுகிற எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துகிறாள்.

வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மறுக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் மறைக்க நினைப்பது வயிற்றைத்தான் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். மார்பாகவும் இருக்கலாம். புதிய பள்ளியில், இன்னும் நெருங்கிய தோழி அமையாத இடத்தில், சட்டை மேல் யாராவது ஒரு பார்வை பார்த்திருந்தாலே போதும். இந்தப் பேச்சை நீங்கள்தான் தொடங்க வேண்டும். அவள் தொடங்க மாட்டாள். "எனக்கும் உன் வயதில்தான் இப்படி ஆரம்பித்தது, எனக்கும் வெட்கமாக இருந்தது" என்று ஆரம்பியுங்கள். உள்ளே அணியும் மெல்லிய பருத்தி சிம்மீஸ் இரண்டு வாங்கிக் கொடுங்கள். பாதி ஸ்வெட்டர் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடக்கூடும். அத்தோடு, யாராவது தொட்டார்களா, ஏதாவது சொன்னார்களா என்பதையும் பதற்றமில்லாமல் கேட்டு வையுங்கள். உடம்பைத் திடீரென்று மூடிக்கொள்ளும் குழந்தையிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் குழந்தைகளை நம் ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. நடிக்கிறாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது நடிப்பில்லை. வலி உண்மையாகவே இருக்கும். பயம் வயிற்றில் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஏக்கம், தனிமை, தோல்வி எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பிரிக்கும் திறமை 10 வயதில் பாதிதான் வந்திருக்கும். மனம் கனத்திருக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை உடம்பு கனத்திருக்கிறது என்று சொல்லும்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். தன் உடம்பைப் பற்றிய அதிருப்தியை அளக்க ஒரு பழைய முறை உண்டு. மிக ஒல்லியிலிருந்து மிகப் பருமன் வரை வரிசையாக நிற்கும் உருவப் படங்களைக் காட்டி, "இப்போது நீங்கள் இதில் எது? எதுவாக இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்பார்கள். இரண்டு விரல்களும் தொடும் படங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் அளவு. 1983-இல் பெரியவர்களுக்காக வந்த இந்தப் படங்களைப் பிறகு குழந்தைகளுக்கு ஏற்றாற்போலவும் வரைந்தார்கள். ஐந்து, ஆறு வயதிலேயே சில குழந்தைகள் தம்மைவிட ஒல்லியான படத்தைத் தொடுவது இப்படித்தான் தெரியவந்தது. வேறு சில சோதனைகளில், பெரியவர்களுக்குச் சோகமான இசையைக் கேட்கவைத்தோ வருத்தமான நினைவுகளைக் கிளறியோ மனநிலையைத் தாழ்த்திவிட்டு, பிறகு உடம்பைப் பற்றிக் கேட்டார்கள். உடம்பு அதேதான், அதன் மேல் அதிருப்தி கூடியிருந்தது. நாம் கண்ணாடியில் பார்ப்பதில் பாதி அன்றைய மனநிலை.

எதிர்த்திசையிலும் இது ஓடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பைப் பற்றிய கவலை மனதைத் தாழ்த்தும். தாழ்ந்த மனம் உடம்பை இன்னும் மோசமாகக் காட்டும். எங்கே தொடங்கியது என்று தேடுவது பல நேரங்களில் வீண் வேலை. எந்த முனையில் தளர்த்த முடிகிறதோ அங்கே தளர்த்தலாம். உங்கள் வீட்டில் அந்த முனை மனதின் பக்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

காரணம், ஓர் ஆண்டுக்குள் அவளுக்கு நடந்தவை. அப்பா வெளிநாடு போனார். பிறந்ததிலிருந்து இருந்த தெரு போனது. பள்ளி போனது, தோழிகள் போனார்கள். இப்போது இருப்பது அம்மாயி வீடு. எவ்வளவு பாசமான வீடாக இருந்தாலும், அங்கே அவளுடைய அலமாரி எது, அவளுடைய மூலை எது என்பது இன்னும் முடிவாகியிருக்காது. நீங்களும் இரண்டு பிள்ளைகளைத் தனியாகச் சமாளித்துக்கொண்டு, பெற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற கவலையில் இருப்பீர்கள். கடிதத்தில் எழுதவில்லை, ஆனாலும் தெரிகிறது. பெரியவர்களுக்கு இந்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் காரணம் தெரியும்: கடன், சம்பளம், வாடகை. குழந்தைக்குத் தெரியாது. காரணம் தெரியாத இழப்புக்குக் குழந்தைகள் பெரும்பாலும் தம்மையே காரணமாக்கிக்கொள்வார்கள். "என்னிடம் ஏதோ சரியில்லை" என்று தொடங்கி, அந்த ஏதோ ஒன்றை உடம்பில் தேடுவார்கள். உடம்புதான் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் சுற்றி இருப்பவர்களும் ஓயாமல் பேசுகிறார்கள்.

குழந்தைகளின் பாதுகாப்பு உணர்வு பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, உளவியலாளர் மேரி ஐன்ஸ்வர்த் ஆகிய இருவரின் வேலையிலிருந்து வந்தது. ஐன்ஸ்வர்த் 1950-களில் உகாண்டாவின் கிராமங்களில் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் வீடுவீடாகப் போய்க் கவனித்தவர். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனை வடிவமைத்தார். ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறையில் விட்டுவிட்டுத் தாய் சில நிமிடங்கள் வெளியே போய்த் திரும்புவார். தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, அவர் திரும்பியதும் என்ன செய்கிறது என்பதில்தான் ஐன்ஸ்வர்த் கண்ணாக இருந்தார். பாதுகாப்பு உணர்வுள்ள குழந்தை அழும், தாயிடம் போகும், தேறும், மறுபடி விளையாடப் போய்விடும். அந்த உணர்வு குறைந்த குழந்தைகளில் சிலர் தாயைக் கட்டிக்கொண்டும் தேறமாட்டார்கள். சிலர் தாய் வந்ததையே கவனிக்காததுபோல் இருப்பார்கள்.

இதற்கும் குண்டு, கறுப்பு என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேலி எல்லாக் குழந்தைக்கும் வலிக்கும். யாருக்கு வலிக்கிறது என்பதைவிட, யார் தேறுகிறார்கள் என்பதே முக்கியம். "என்ன நடந்தாலும் என்னை இவர்கள் விடமாட்டார்கள்" என்ற நிச்சயம் உள்ள குழந்தை அழுதுவிட்டு எழுந்து போய்விடும். அந்த நிச்சயம் ஆட்டம் கண்டிருக்கும் குழந்தை, கேலியை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளும்: ஓ, இதனால்தானா. பெற்றோருடனான பிணைப்பில் பதற்றம் அதிகமுள்ள பதின்பருவத்தினரிடம் உடல் அதிருப்தியும் சாப்பாட்டுச் சிக்கல்களும் அதிகமாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இதைப் படித்துவிட்டு, குழந்தையாக இருக்கும்போது நான் சரியாக வளர்க்கவில்லையோ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பாதுகாப்பு உணர்வு ஒரு வயதில் வார்த்து முடித்துவிடும் பொருள் கிடையாது. நன்றாக இருந்த குழந்தைக்கும் இப்படியோர் ஆண்டில் அது ஆடும். மறுபடி நிலைபெறவும் செய்யும்.

இப்போது உங்கள் தங்கை சொன்னதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய வரி அதுதான். "விளையாட்டாகத்தான்" என்று பக்கத்திலேயே எழுதியிருந்தீர்கள்.

உங்கள் மகள் அப்பாவுக்காக ஏங்குகிறாள். அப்பாவிடமிருந்து இப்போது அவளிடம் இருப்பது என்ன? வாரம் ஒரு முறை திரையில் ஒரு முகம். அதைத் தவிர, அவளுடைய தோலில் அவர் நிறம் இருக்கிறது. ஒருவேளை மூக்கிலும் கையிலும் அவர் சாயல் இருக்கலாம். அந்த நிறத்தைத்தான் அவள் சித்தி, அவள் காதுபடக் குறைவாகப் பேசுகிறாள். அதுவும், தம்பி "நம் பக்கம்" என்றும் இவள் வேறு பக்கம் என்றும் பிரித்து. இப்போது அவள் குடியிருப்பதே அந்த "நம் பக்க" வீட்டில். ஒரே வாக்கியத்தில் அவள் அப்பாவும் குறைந்துபோனார், அவளும் வெளியாள் ஆகிவிட்டாள். ஞாயிறு மாலை திரையின் பெரிய சதுரத்தில் அப்பா முகமும், மூலையில் உள்ள சின்னச் சதுரத்தில் அதே நிறத்தில் அவள் முகமும் தெரியும்போது அவளுக்கு என்ன தோன்றும்? அவள் போனைக் கூரைக்குத் திருப்புவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நிறத்தைப் பற்றி நம் சமூகத்துக்குப் புதிதாக நான் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பழகு கிரீம் ஒன்று 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்து, 45 ஆண்டுகள் அதே பெயரில் விற்று, 2020-இல்தான் பெயரிலிருந்து "ஃபேர்" என்பதை எடுத்தது. கறுப்பானவர்களைத் தாழ்வாகவோ தோற்றவர்களாகவோ காட்டி விளம்பரம் செய்யக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் விதி கொண்டுவந்தது 2014-இல். விளம்பரத்துக்கு விதி வந்துவிட்டது. சித்திக்கு விதி போட ஆளில்லை. அதனால் அந்த வேலை உங்களுக்கு. தங்கையைத் தனியாக அழைத்து, சண்டையில்லாமல், ஆனால் சிரிக்காமல் சொல்லுங்கள்: "இவள் முன்னால் நிறப் பேச்சு வேண்டாம். அவள் அப்பாவை நினைத்து ராத்திரி அழுகிறாள்." காரணத்தோடு சொன்னால் பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள். மறுபடி சொன்னால், மகள் முன்னிலையிலேயே தடுத்துப் பேசுங்கள். "ஆமாம், அவள் அப்பா மாதிரிதான். எனக்கு அந்த முகம்தானே பிடித்தது" என்று நீங்கள் சொல்வதை அவள் கேட்க வேண்டும்.

அம்மாயியின் "குண்டுப் பூசணி" வேறு வகை. அவர் தலைமுறைக்குக் குழந்தை சதைபிடித்திருப்பது வீட்டின் நல்ல காலத்துக்கு அடையாளம். குண்டு என்று கூப்பிடும் அதே வாய், அடுத்த நிமிடம் "இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டுக்கொள்" என்கிறது. அதில் வஞ்சம் கிடையாது. ஆனால் கேட்கும் காது இந்தக் காலத்தது. நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் "இளைத்துவிட்டாயே", "நன்றாகச் சதை போட்டுவிட்டாயே" என்று ஏதாவது சொல்லியாக வேண்டும். நலம் விசாரிப்பதாக நினைப்பு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1998-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, பதின்பருவப் பிள்ளைகளை அவர்கள் முப்பதைத் தொடும் வயதுவரை தொடர்ந்து கவனித்தது. எடையை வைத்துக் கேலிக்கு ஆளான பிள்ளைகளிடம், 15 ஆண்டுகள் கழித்தும், உடல் அதிருப்தியும் தவறான உணவுப் பழக்கங்களும் கூடுதலாக இருந்தன. உடல் பருமனும் கூடுதலாகவே இருந்தது. வீட்டார் செய்த கேலியும் இதில் சேர்த்தி. கேலி செய்தால் ரோஷம் வந்து இளைப்பார்கள் என்று நம்பும் மாமாக்களுக்கு இதைச் சொல்லலாம்.

அம்மாவைத் திருத்தப் போகாதீர்கள். அவருக்கு வேறொரு வேலை கொடுங்கள். "அம்மா, அவளுக்கு இந்தப் பெயர் வருத்தமாக இருக்கிறது. வேறு செல்லப் பெயர் ஒன்று வைத்துவிடு, நீ வைத்தால்தான் ஒட்டும்" என்றால் பெரும்பாலான பாட்டிகள் உற்சாகமாகிவிடுவார்கள்.

அடுத்து, அவளுக்கு நீங்கள் சொல்லும் பதில். "நீ அழகுதான் கண்ணு" என்பது பொங்கும் பாலில் தண்ணீர் தெளிப்பதுபோல. அந்த நொடி அடங்கும். அடுப்பு எரிந்துகொண்டிருப்பதால் மறுபடி பொங்கும். நாளடைவில் அவளுக்கும் ஒரு பழக்கம் ஆகிவிடும்: மனம் கலங்கினால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், அம்மா அந்தப் பதிலைச் சொல்ல வேண்டும். அழகு என்பதை இத்தனை தடவை உறுதி செய்யவேண்டியிருக்கிறது என்றால், அது ரொம்பப் பெரிய விஷயம்தான் போலிருக்கிறது என்றும் அவள் முடிவு கட்டிவிடுவாள். அடுத்த முறை அவள் கேட்கும்போது இல்லை என்றும் சொல்லாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, "இன்றைக்கு இந்த நினைப்பு எப்போது வந்தது?" என்று கேளுங்கள். உடனே பதில் வராது. "தெரியவில்லை" என்பாள். "அப்பா போனை வைத்த பிறகா?" என்று ஒரு படி எடுத்துக் கொடுக்கலாம். அவள் அழுதால் அழட்டும். அப்போது "அழாதே, அப்பா சீக்கிரம் வந்துவிடுவார்" என்று மூடிவிடாமல், "எனக்கும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கஷ்டமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லலாம். உங்கள் பாரத்தை எல்லாம் அவள் மேல் இறக்க வேண்டியதில்லை. அவள் தனியாக இல்லை என்று தெரிந்தால் போதும்.

நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள். தலை பின்னும்போது, பூக் கட்டும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது பேசுவார்கள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் வசதி.

கணவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். அழைத்ததும் முதல் வாக்கியம் தோற்றத்தைப் பற்றியதாக இருக்கக்கூடாது. "கன்னம் உப்பியிருக்கிறதே" என்பதும் வேண்டாம், "அழகாக இருக்கிறாயே" என்பதும் வேண்டாம். போன வாரம் அவள் சொன்ன ஏதாவது ஒன்றைப் பற்றிக் கேட்கட்டும். அப்பா நினைவு வைத்திருந்தார் என்பது அவளுக்குப் போதும். இரண்டாவது, ஞாயிறு ஒரு நாள் நீண்ட நேரம் பேசுவதைவிட, நடுவில் இரண்டு நாள் ஐந்து நிமிடம் குரல் அழைப்பு சேர்த்துக்கொண்டால் ஞாயிற்றின் கனம் குறையும். நேரம் மாறாமல் இருப்பது முக்கியம். மூன்றாவது, ஊருக்கு வரும் தேதி தெரிந்தால் சொல்லட்டும், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லட்டும். "சீக்கிரம்" என்பது குழந்தைகளுக்குப் பெரிய சித்திரவதை. வீடியோவில் அவள் முகத்தைக் காட்ட விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பின்பக்கக் கேமராவைத் திருப்பி, தான் வரைந்த படத்தையோ தொழுவத்தில் கன்றுக்குட்டியையோ அப்பாவுக்குக் காட்டட்டும். பார்க்கப்படுபவள் என்பதிலிருந்து காட்டுபவள் ஆகிவிடுவாள்.

இதற்கிடையில் உங்களைப் பற்றியும் கொஞ்சம். குழந்தை முதலில் பார்க்கும் கண்ணாடி தாயின் முகம் என்று இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1967-இல் எழுதினார். 10 வயதில் அந்தக் கண்ணாடிக்கு இன்னொரு வேலை வந்துவிடுகிறது. நீங்கள் உங்கள் உடம்பை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதை அவள் பார்க்கிறாள். அவளை அழகு என்கிறீர்கள், உங்கள் வயிற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறீர்கள், தட்டை ஒதுக்குகிறீர்கள். இரண்டில் எதை நம்புவாள்? எடை குறைக்க வேண்டும் என்பது உங்கள் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் இரவில் இரண்டு இட்லியாவது அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். காலையில் நடப்பதாக இருந்தால், "உடம்பைக் குறைக்க" என்று சொல்லாமல், "நடந்தால் எனக்கு மனம் லேசாகிறது" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவளுக்குச் சாதத்தைக் குறைப்பது, நொறுக்குத் தீனியைப் பூட்டி வைப்பது எதுவும் வேண்டாம். வளரும் வயதில் எடை குறைப்பு என்பது மருத்துவர் சொல்லாமல் செய்யக்கூடாத காரியம். "போதும்" என்றால் விட்டுவிடுங்கள், "இன்னொன்று" என்றால் போடுங்கள்; இரண்டுக்கும் விமர்சனம் வேண்டாம்.

கண்ணாடி இருக்கட்டும். எடுத்துவிட்டால், பார்க்கக் கூடாத அளவுக்கு மோசம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வாள்.

போன் விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. பசிபிக் தீவு நாடான ஃபிஜியில் பருமனான உடம்பைத்தான் காலங்காலமாகப் பாராட்டி வந்தார்கள். அதன் மேற்குப் பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டும், மறுபடி 1998-லும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். சாப்பாட்டுக் கோளாறுக்கான வினாத்தாளில் கவலைக்குரிய மதிப்பெண் எடுத்தவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். எடை குறைக்கத் தாமாகவே வாந்தி எடுப்பது முதல் முறை யாரிடமும் இல்லை; இரண்டாம் முறை 11.3 சதவீதம் பேரிடம் இருந்தது. அவர்கள் உங்கள் மகளைவிட மூத்த பெண்கள். ஆனாலும் திரை சும்மா இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி குறைவு. முகத்தை வெளுக்கச் செய்து மெலியச் செய்யும் செயலிகளை நீக்கிவிடுங்கள். தனியாகப் படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்கும் நேரத்தைக் குறையுங்கள். முழுவதும் பிடுங்காதீர்கள். திருப்பூர்த் தோழிகளோடு பேச அவளுக்கு இருக்கும் ஒரே வழியும் அந்தப் போன்தான். அந்தத் தோழிகளின் அம்மாக்களின் எண்கள் உங்களிடம் இருந்தால் இந்த வாரமே பேச வையுங்கள்.

சிலம்பத்துக்கு அவளுக்கு விருப்பமிருந்தால் தாராளமாகச் சேருங்கள். இளைப்பதற்காக என்று சொல்லிச் சேர்த்தால் அதையும் தண்டனையாக்கிவிடுவோம். கம்பு சுற்றும்போது உடம்பு எப்படித் தெரிகிறது என்பதைவிட, கம்பு கைநழுவாமல் சுற்றுகிறதா என்பதுதான் பெரிதாகத் தெரியும். நமக்கு வேண்டியது அதுதான். புதிய ஊரில் இரண்டு தோழிகளும் கிடைப்பார்கள். மாஸ்டரிடம் முன்கூட்டியே, எடை பற்றி எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சிவப்பான தம்பியையும் மறந்துவிடாதீர்கள். இன்று புகழப்படுகிற அதே பிள்ளையைப் பத்து வயதில் "ஒல்லிக்குச்சி" என்பார்கள். ஆண் பிள்ளைகள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

சில அடையாளங்கள் தெரிந்தால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரையும், அவர் வழியாக மனநல மருத்துவரையும் பாருங்கள். வேளைச் சாப்பாட்டைத் தொடர்ந்து தவிர்ப்பது, சாப்பிட்டதும் கழிவறைக்குப் போய் வெகுநேரம் இருப்பது, ஒளித்து வைத்துச் சாப்பிடுவது, எடை குறைவது அல்லது உயரம் கூடியும் எடை நின்றுபோவது, மயக்கம், பள்ளிக்கே போக மறுப்பது, தன்னைத் தானே அடித்துக்கொள்வது அல்லது கீறிக்கொள்வது, "நான் இல்லாமலே இருந்திருக்கலாம்" என்பது போன்ற பேச்சு. கடைசி இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். ஒரு தோசையோடு எழுந்துவிடுவது இப்போதைக்கு அந்த வரிசையில் சேராது. ஆனால் மூன்று மாதம் கழித்து ஒரு முறை எடை பார்த்து, அதே வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். (இதே போன்ற கவலையோடு இருக்கும் மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளையின் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் போல் இருந்தால் அது அழுக்கு இல்லை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.)

நேரில் போக முடியாத நேரத்தில் மத்திய அரசின் தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மகளுக்காக மட்டுமில்லை, உங்களுக்கு மனம் தாளாத இரவிலும் அழைக்கலாம். பள்ளியில் யாராவது தொல்லை கொடுப்பது தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஒரு மாதம், அவள் இந்தக் கேள்வியைக் கேட்கும் நாளையும் அதற்கு முன் அன்று என்ன நடந்தது என்பதையும் நாட்காட்டித் தாளின் ஓரத்தில் இரண்டு வார்த்தையாகக் குறித்து வாருங்கள். அவளுக்குத் தெரிய வேண்டாம். மறுபடி எழுதும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். ஞாயிறுகள் குறைந்து, வேறு ஏதாவது ஒரு கிழமை கூடியிருந்தால், பள்ளியில் அந்தக் கிழமை என்ன பாடவேளை, யார் வகுப்பு என்று விசாரிப்பதிலிருந்து அடுத்த கட்டத்தைத் தொடங்கலாம்.